குந்தாணிப் பறவையும் எலி வீட்டுப் பிள்ளையும்

ஒரு காட்டில், எந்தப் பக்கம் நடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிடுகிற ஒரு தீவுக் காட்டில், குந்தாணி என்றொரு பறவை இனம் வாழ்ந்து வந்தது. பெரிய உரலைக் குறிக்கிற அந்தப் பெயருக்கு ஏற்ற உடம்பு. உருண்டையான வயிறு, அதற்குக் கீழே குட்டைக் கால்கள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட மூக்கு. இறக்கையும் இருந்தது. பரணில் கிடக்கும் பித்தளை அண்டா மாதிரி, இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர எடுத்துப் புழங்கியவர் யாரும் இல்லை.

பறக்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் வரவில்லை. துரத்துகிறவர் இருந்தால் பறக்கலாம். நரியோ பூனையோ கடல் தாண்டி வந்ததில்லை. சாப்பாடு உயரத்தில் இருந்தால் பறக்கலாம். பாலைப்பழம் பழுத்ததும் தானாகவே கீழே விழுந்தது. ஆகவே குந்தாணிகள் நடந்தார்கள். நடந்து போய்ப் பழம் பொறுக்கினார்கள், நடந்து போய் உறவினரைப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டையைத் தரையில், இலைக்குவியலுக்கு நடுவே இட்டார்கள். பசித்தால் அதை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வரும்போது முட்டை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

அவர்களில் மயில்வாகனன், செண்பகவல்லி என்று ஒரு தம்பதி. மயில்வாகனன் நன்றாகப் பேசுவார். கரையில் எது ஒதுங்கினாலும், அது வெறும் மரக்கட்டையாக இருந்தாலும், முதலில் போய் வணக்கம் சொல்கிறவர் அவர்தான். செண்பகவல்லி அதிகம் பேச மாட்டாள். பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்த மனிதர்கள் படகில் ஏறிப் போய்விட்டார்கள். எலிகளுக்குப் படகில் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் குஞ்சு குட்டிகளோடு நீந்திக் கரையேறி, நனைந்து நடுங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த குந்தாணிகளுக்கு மனசு பொறுக்கவில்லை. மயில்வாகனன் முன்னால் போய் வணக்கம் சொன்னார். மர வேர்களுக்கடியில் காலி இடம் நிறையக் கிடக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எலிகளின் தலைவர் பரந்தாமன் கண் கலங்கிவிட்டார். போகிற ஊரிலெல்லாம் தடியோடுதான் வரவேற்பார்கள், இப்படி ஓர் ஊரைப் பார்த்ததே இல்லை என்று சொன்னார். அது பொய்யில்லை.

எலிகள் உழைப்பாளிகள். ஈரம் காய்ந்ததும் காட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பரந்தாமனுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பழம் கண்டபடி விழுகிறது, கண்டவர் எடுக்கிறார்கள், ஒருவருக்கு நிறையக் கிடைக்கிறது, பின்னால் வருகிறவருக்கு ஒன்றுமில்லை, இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டார். குந்தாணிகள் அதுவரை அப்படி யோசித்ததில்லை. ஆனாலும் ஒழுங்கு என்ற சொல் கேட்க நன்றாக இருந்தது. தலையாட்டினார்கள். விழுகிற பழங்களை எலிகள் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்தார்கள். கப்பல் பலகைகளால் ஒரு கவுண்டர் எழும்பியது. கப்பல் கயிற்றால் வரிசைக்கு வழி கட்டினார்கள். வருகிறவருக்கு ஒரு டோக்கன், டோக்கனுக்குப் பழம்.

குந்தாணிகளுக்குப் பழத்தைவிட வரிசை பிடித்துப்போனது. ஒருவர் பின்னால் ஒருவராக நின்று, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துப் பேசுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று அவர்களுக்கு முன்னமே தெரியாது. காலையில் போனவர்கள் சாயங்காலம்தான் திரும்பினார்கள். மயில்வாகனன் சில நாள் பழம் வாங்கிய கையோடு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வார். பாதியில் விட்ட பேச்சு ஒன்று இருக்கிறது என்பார்.

வீடு திரும்பிய குந்தாணிகள் முட்டைகளைக் காணவில்லை.

முதல் வருடம், இட்ட இடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். அடுத்த வருடமும் காணவில்லை. பரந்தாமனிடம் போய்ச் சொன்னார்கள். அவர் மிகவும் வருத்தப்பட்டு, புகார்களுக்கென்று தனியாக ஒரு கவுண்டரே திறந்துவிட்டார். அதற்கும் கயிறு கட்டினார்கள். காலையில் பழ வரிசை, மதியம் புகார் வரிசை என்றானது. குந்தாணிகள் வீட்டில் இருக்கும் நேரம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்த வருடம் புகார் வரிசை ரொம்பவே நீண்டுவிட்டது.

காட்டுச் சபைக்குத் தலைவர் இளையபெருமாள் என்ற ஆமை. அவருடைய சிறுவயதைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. செண்பகவல்லி அவரிடமும் போய் முறையிட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவசரப்பட வேண்டாம், ஒரு நூறு வருஷம் பார்ப்போம், அப்போதும் இதே நிலைமை என்றால் கட்டாயம் கூட்டம் போடுவோம் என்றார். அவர் கேலி செய்யவில்லை. நமக்கு அடுத்த வாரம் எப்படியோ அப்படி அவருக்கு நூறு வருஷம்.

அந்த வருடம் செண்பகவல்லி வரிசைக்குப் போகிறவள் போலப் புறப்பட்டுப் போய், பாதி வழியில் திரும்பி, தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த புதருக்குள் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பரந்தாமனின் மகன்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் மல்லாந்து படுத்து முட்டையை நாலு காலாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். இன்னொருவன் அவன் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு போனான். வண்டி நன்றாக ஓடியது. அவளுக்குக் கத்தத் தெரியவில்லை. அந்த இனத்தில் கத்துகிற பழக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னாள். மயில்வாகனன் நம்பவில்லை. வரிசையில் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்று மரியாதையாகப் பேசுகிறவர்கள், அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டார்கள் என்றார்.

"செஞ்சாங்க. நான் பார்த்தேன்" என்றாள்.

மயில்வாகனன் மறுநாள் விடிந்ததும் புகார் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

செண்பகவல்லி அடுத்த முட்டையை இட்டபோது தீவில் குஞ்சு என்று ஒன்றைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. அவள் முட்டையைவிட்டு நகரவில்லை. மயில்வாகனன் அவளுக்கும் சேர்த்துப் பழம் கேட்டார். ஆள் நேரில் வந்தால்தான் டோக்கன் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அவர் தன் பங்கைப் பாதியாக்கிக் கொண்டுவந்தார். பாதிப் பழத்தில் அவ்வளவு பெரிய உடம்பு எத்தனை நாள் தாங்கும். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் புதரில் எலிகள் உட்கார்ந்து காத்திருப்பது தெரிந்தது. அவர்களுக்கு அவசரமில்லை.

அப்போது அவள் செய்ததை அந்தத் தீவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்தாள். முட்டையை மூக்கால் தள்ளி உருட்டிக்கொண்டே நடந்தாள். பட்டப்பகலில், காட்டின் நடுவே, இரண்டு வரிசைகளையும் தாண்டி உருட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற குந்தாணிகள் பேச்சை நிறுத்தினார்கள். எலிகள் வாயில் எச்சில் ஊறப் பின்னாலேயே வந்தார்கள். எல்லார் முன்னிலையிலும் ஒரு முட்டையைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவள் நேராகப் பரந்தாமன் வீட்டு வாசலுக்குப் போய் முட்டையை நிறுத்தினாள்.

பரந்தாமன் வெளியே வந்தார்.

"தம்பி, இதையும் நீங்கதான் சாப்பிடப் போறீங்க" என்றாள் செண்பகவல்லி. "சாப்பிடறதுன்னா என் கண்ணு முன்னாடியே சாப்பிட்டுடுங்க. வீட்டுக்குப் போய்த் தேடற வேலை எனக்கு மிச்சம்."

பரந்தாமன் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் திருடிச் சாப்பிட்டவர். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்து, தம்பி என்று கூப்பிட்டு, சாப்பிடு என்று சொன்னால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அக்கா, பொய் சொல்லமாட்டேன்" என்றார். "எங்க வீட்ல மாசா மாசம் பிரசவம். பழத்தை வெச்சு எத்தனை வாயை நிரப்பறது? நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரிசையில நிப்பேன்" என்றாள் அவள்.

அவர் தலை குனிந்துகொண்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மரகதம் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். அவள் முன்னால் வந்து முட்டையைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருங்கள், இது என் குட்டிகளோடு உள்ளே கிடக்கட்டும் என்று கணவரைக் கேட்காமலே உருட்டிக்கொண்டு போய்விட்டாள். என் வாசற்படி தாண்டி உள்ளே போனதை என் ஆட்கள் தொடமாட்டார்கள், இது சத்தியம் என்று பரந்தாமனும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்துப்போனார்.

செண்பகவல்லி கூடவே உள்ளே போகப் பார்த்தாள். வளையின் வாசலில் அவள் தலை மட்டும்தான் நுழைந்தது. தலையை எடுத்துவிட்டு வெளியிலேயே உட்கார்ந்தாள். பிறகு பசி பொறுக்காமல் பழ வரிசைக்குப் போனாள். ஒவ்வொரு நாளும் போகும்போதும் வரும்போதும் வளை வாசலில் காதை வைத்துக் கேட்டாள். ஒருநாள் எலிக்குட்டிகளின் கீச்சுக்கீச்சுக்கு நடுவே கொஞ்சம் தடித்த குரலில் ஒரு கீச்சு கேட்டது.

இந்த இடத்தில் எலி குஞ்சைத் தின்றுவிட்டது என்று நீங்கள் நினைத்தால் தவறு. பரந்தாமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மரகதம் குஞ்சுக்கு ஜீவரத்தினம் என்று பெயர் வைத்துத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தாள். அவன் வளர வளர, அவனுக்காகத் தன் குட்டிகளிடம் சொல்லி வளையின் வாசலை அகலமாகத் தோண்ட வைத்தாள். மழையில் அவன் இருமினால் அவள் தூங்க மாட்டாள். அவனுக்கும் அந்த வீடுதான் வீடு. நாலு காலில் நடக்க முடியவில்லையே என்று சின்ன வயதில் அழுதிருக்கிறான். இருட்டில் முகர்ந்து வழி கண்டுபிடிப்பதிலும், சத்தமில்லாமல் நடப்பதிலும் அவன் அண்ணன்களை மிஞ்சிவிட்டான். அவர்கள் இலைக்குவியல்களைத் தேடிப் போகும்போது அவனும் கூடப் போய்வந்தான். அவன் என்ன சாப்பிட்டு வளர்ந்தான் என்று செண்பகவல்லி யாரிடமும் கேட்கவில்லை.

அவன் வாலிபனாக இருந்த சமயத்தில், மூழ்கிய கப்பலுக்குள் நீந்திப் போன எலிகள் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். விரலை வைத்தால் ரேகையைப் படித்து ஆள் யாரென்று சொல்கிற கருவி. சிலர் ஒரே நாளில் இரண்டு தடவை வரிசைக்கு வருவதாகப் பேச்சு இருந்தது. அது மயில்வாகனனைப் பற்றிய பேச்சுதான். ஆகவே இனி ரேகை விழுந்தால்தான் பழம் என்று அறிவித்தார்கள்.

எலிகளின் விரல் மெத்தென்று இருக்கும், ரேகை அழகாக விழுந்தது. குந்தாணிகள் தலைமுறை தலைமுறையாகக் கல்லிலும் முள்ளிலும் நடந்தவர்கள். அவர்கள் விரலில் தோல்தான் இருந்தது, கோடு இல்லை. வைத்துப் பார், துடைத்து வை, எண்ணெய் தடவி வை, இன்னொரு விரலை வை என்று கவுண்டரில் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. ரேகை விழாதவர்கள் புகார் வரிசையில் நிற்கலாம் என்றார்கள். அங்கேயும் முதலில் ரேகை வைக்க வேண்டியிருந்தது.

ஜீவரத்தினம் மெத்தென்ற வளைக்குள் வளர்ந்தவன். அவன் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. பரந்தாமன் குடும்பம், இனம் எலி என்று பதிவானது. படித்தவன் போல நிதானமாகப் பேசுவான், முகத்தைப் பார்த்தால் குந்தாணிகளும் கோபப்பட மாட்டார்கள் என்று யோசித்துப் பரந்தாமன் அவனையே கவுண்டரில் உட்கார வைத்தார்.

மயில்வாகனன் புகார் வரிசையில் நின்றபடியே மெலிந்துகொண்டு வந்தார். வீட்டுக்கு வா என்று மனைவி கூப்பிட்டபோது, இத்தனை நாள் நின்றாயிற்று, இப்போது போய் இடத்தை விடுவதா என்று கேட்டார். ஒருநாள் வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னாலிருந்தவர், ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். மறுபடியும் சொன்னார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. நின்றபடியே போயிருந்தார். மற்றவர்கள் அவரை வரிசைக்கு வெளியே பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, அவர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

செண்பகவல்லி அவரை இலைகளால் மூடினாள். அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். மறுநாள் பழ வரிசைக்குப் போனாள்.

பழம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். வரிசை நகர்ந்து கவுண்டருக்கு முன்னால் போய் நிற்கும்போது கொஞ்ச நேரம் பையனைப் பக்கத்தில் பார்க்கலாம். அதற்காகத் தினமும் போனாள். அவள் விரலை வைப்பாள். சிவப்பு விளக்கு எரியும். நாளைக்கு வாங்கம்மா என்று அவன் சொல்வான். எல்லாப் பெண்களையும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். ஆனாலும் அவளுக்கு அது போதுமாக இருந்தது. வெறும் வயிற்றோடு திரும்பும்போது எதிரில் வருகிற குந்தாணிகளிடம், அந்தக் கவுண்டரில் இருக்கிறானே, எவ்வளவு பொறுப்பாக வேலை பார்க்கிறான் பாருங்கள் என்பாள்.

மரகதம் அவனிடம் எதையும் மறைத்ததில்லை. யார் வயிற்றில் பிறந்தவன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் அதைப்பற்றிப் பேசவில்லை. வரிசையில் தன்னைப் போலவே மூக்கு உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு காலை, கயிறுகளுக்கு நடுவே குந்தாணிகளில் அவள் ஒருத்திதான் நின்றாள். நடந்துவரும்போதே கால் பின்னியது.

அவள் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஜீவரத்தினம் சுற்றிலும் பார்த்தான். பிறகு கவுண்டருக்கு உள்ளேயிருந்து தன் காலை நீட்டி, அவள் காலுக்கு அடியில் கொடுத்து, தன் விரலைக் கருவியில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"பேரு சொல்லுங்கம்மா" என்றான்.

"செண்பகவல்லி."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இனம் எலின்னுதான் விழும். பரவாயில்லையா?"

அவள் யோசித்தாள். மயில்வாகனனாக இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

"நீ என்னவோ, நானும் அதேதான்" என்றாள்.

அவன் அவளுக்கு இரண்டு பழம் கொடுத்தான். விதிப்படி ஒன்றுதான். அதன் பிறகு அவள் தினமும் பழம் சாப்பிட்டாள், சில வருடம் இருந்தாள், மரகதத்தோடு வாசலில் உட்கார்ந்து பையனைப் பற்றிப் பேசினாள். இருவரும் மற்ற எந்த விஷயத்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு மழைக்காலத்தில் செண்பகவல்லியும் போய்ச் சேர்ந்தாள். ஜீவரத்தினம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை மயில்வாகனனுக்குப் பக்கத்தில் இலைகளால் மூடிவிட்டு வந்தான்.

அதற்கு வெகுகாலம் கழித்து, அயல்நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு தீவில் வந்து இறங்கியது. எல்லாரும் கூழைக்கடாக்கள். தாடைப் பைக்குள் கேமராவும் கருவிகளும் வைத்திருந்தார்கள். தலைமை தாங்கியவர் முனைவர் கலியபெருமாள். பறக்கத் தெரியாத குந்தாணி என்ற அபூர்வப் பறவை இந்தத் தீவில் இருந்ததாகக் கேள்விப்பட்டோம், ஒன்றாவது மிச்சமிருந்தால் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்று கவுண்டரில் சொன்னார். வரிசையில் வரச் சொன்னார்கள். வந்தார்.

அவர் முறை வந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஜீவரத்தினத்துக்கு அப்போது நடுவயது, கவுண்டர் முழுவதற்கும் மேலாளர். படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"இப்ப இங்க யாரும் இல்லைங்க" என்றான்.

கலியபெருமாள் படத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. உங்க மூக்கு அப்படியே இதுல இருக்கற மாதிரி இருக்கு."

"எங்க அம்மா சாயல்."

"அவங்க?"

"எலிதான். பதிவு இருக்கு, பாருங்க."

பார்த்தார். இருந்தது. பதிவுக்கு மேல் ஓர் அறிஞரால் என்ன செய்ய முடியும். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். குழுவினர் காடு முழுக்கச் சுற்றி, காலியான இலைக்குவியல்களைப் படம் எடுத்தார்கள். குந்தாணி இனம் பூண்டற்றுப் போய்விட்டது என்று கரையில் நின்று வருத்தத்தோடு அறிவித்தார்கள். எலிகளும் வந்து நின்று வருத்தப்பட்டார்கள். பரந்தாமனின் பேரன் ஒருவன் அழுதேவிட்டான்.

புறப்படும்போது ஜீவரத்தினம் முனைவரிடம் ஒன்று கேட்டான். அந்தப் பறவைகள் எப்படிப்பட்டவர்கள், ஏன் இப்படிப் போனார்கள் என்று தெரியுமா என்றான். யார் வந்தாலும் நம்பிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறது, அதுதான் காரணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கலியபெருமாள் இறக்கையை விரித்துப் பறந்து போனார். ஜீவரத்தினம் அவர் பறப்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கவுண்டரைச் சற்று முன்னதாகவே மூடினான். முகம் வாடியிருக்கிறதே, உடம்பு சரியில்லையா என்று வீட்டில் மரகதம் கேட்டாள். ஒன்றுமில்லை அம்மா என்றான். அவள் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

நீதி: பிள்ளையைக் கவுண்டருக்கு உள்பக்கமாக வளர்த்துவிட்டால், இனமே அழிந்துபோனாலும் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது.